சிஸ்கோ ரூட்டர், கமாண்ட் லைன்: கேட்டதும் சொன்னதும்

கடலூர் முதுநகரிலிருந்து: அண்ணே, ஆபீஸ் துறைமுகத்துப் பக்கம். நெட் கட் ஆவதில்லை, ஆனால் இழுக்கிறது. ரூட்டரில் எல்லா லைட்டும் பச்சைதான். எதைப் பார்ப்பது?

லைட்டை நம்பாதீர்கள் தம்பி. லிங்க் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரியும். 'ஷோ இன்டர்ஃபேசஸ்' அடித்து, இன்புட் எரர்ஸ் (உள்ளே வந்ததில் பிழையானவை), சிஆர்சி (வழியில் சிதைந்து வந்தவை) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். சிஆர்சி 4,000 என்று இருந்தாலும் பதற வேண்டாம், அது எப்போதிருந்தோ சேர்ந்த கணக்காக இருக்கலாம். 'கிளியர் கவுன்டர்ஸ்' கொடுத்து எண்களைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். திரும்பவும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான்.

நம் ஊர் உப்புக்காற்று சும்மா விடாது. அதே முதுநகரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கேபிளைக் கழற்றினால், ஆர்ஜே45 (கேபிள் முனையிலுள்ள பிளக்) பின்களில் பித்தளைக் குடம்போலப் பச்சைக் களிம்பு. தலையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் அடித்தேன், சிஆர்சி ஏறுவது அத்தோடு நின்றது. சிஆர்சியோடு, எதிர்முனையில் லேட் கொலிஷனும் (தாமதமாக நடக்கும் மோதல்) ஏறினால் கதை வேறு: ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும்), மறுமுனை ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒன்றுதான்).

லாஸ்பேட்டையிலிருந்து: வீட்டிலிருந்தபடி ஆக்சஸ் லிஸ்ட் (யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்ற பட்டியல்) போட்டேன் சார், ரூட்டர் என்னையே வெளியே தள்ளிவிட்டது!

நானும் இதே தப்பைச் செய்து, இரவு 11 மணிக்குக் கடலூரிலிருந்து ரூட்டர் இருந்த வில்லியனூருக்கு பைக்கில் போனவன்தான். இனிமேல் கை வைக்கும் முன், நன்றாக ஓடும் கான்ஃபிகை (ரூட்டரின் செட்டிங்குகளை) சேவ் செய்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் ரூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய கான்ஃபிகோடு எழுந்துவிடும். எல்லாம் சரி என்றால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம்தான் சேவ். நடுவில் பழக்கதோஷத்தில் சேவ் செய்தீர்களோ, தப்பும் சேர்ந்து சேவ் ஆகிவிடும். கேன்சல் செய்ய மறந்தால் ஆபீஸ் நேரத்தில் ரூட்டர் படுக்கும், திட்டும் உங்களுக்குத்தான்.

இன்னொருவர்: கன்சோலில் (ரூட்டரோடு நேரடியாக கேபிளில் இணைக்கும் போர்ட்) லேப்டாப்பைப் போட்டால் குப்பை எழுத்தாக வருகிறது.

லேப்டாப்பின் டெர்மினலில் ஸ்பீடை 9600 ஆக்குங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: உள்ளே நாங்கள் நாலு பேர்தானே, தூரத்திலிருந்து ரூட்டருக்குள் நுழைய டெல்நெட் போதாதா?

போதாது. டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்படியே திறந்த எழுத்தில் போகும், தபால் அட்டை மாதிரி. நாலு பேரில் ஒருவர் லேப்டாப்பில் வைரஸ் இருந்தாலே ஆபத்து. எஸ்எஸ்எச் (அதே வேலையை ரகசிய எழுத்தில் செய்வது) வேலை செய்கிறதா என்று இன்னொரு விண்டோவில் லாகின் செய்து பாருங்கள், பிறகு டெல்நெட்டை மூடுங்கள். மூடும் முன் அந்த 'ரீலோட் இன் 10', மறக்காதீர்கள்.