புதிய ஹீட்டிங்-கூலிங் யூனிட்டை மாட்டிய அன்றே ஓட்டலாமா?

கேட்டவரின் நிலைமை இது: கூலிங்கும் எரிவாயு ஹீட்டிங்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் யூனிட்டை மாடியில் நிறுத்தியாகிவிட்டது. ஒயரிங், டக்ட், எரிவாயுக் குழாய் எல்லாம் முடிந்தது. டெக்னீஷியன் மெயினை மட்டும் போட்டுவிட்டு, "நாளைக்கு வந்து ஓட்டுகிறேன், அதுவரை தொடாதீங்க" என்று கிளம்பிவிட்டார். இது உண்மையிலேயே தேவையா, நாமே போட்டுப் பார்த்துவிடலாமா என்பது கேள்வி.

தேவைதான். தயவுசெய்து தொடாதீர்கள். நல்ல ஆளிடம் வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்ப்ரசரின் அடியில் எண்ணெய் இருக்கும். யூனிட் ஓடாமல் குளிர்ந்து கிடக்கும்போது, கம்ப்ரசருக்குள் சுற்றிக் குளிர்ச்சி தரும் வாயுவான ரெஃப்ரிஜிரன்ட் மெல்ல மெல்ல அந்த எண்ணெய்க்குள் வந்து கரைந்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கும். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல எண்ணெய் நுரைத்துப் பொங்கி வெளியேறிவிடும். பேரிங்குக்கு மிஞ்சுவது நீர்த்துப்போன எண்ணெய்தான். இதைத் தடுக்கத்தான் கம்ப்ரசரின் அடிப்பகுதியில் 'கிராங்க்கேஸ் ஹீட்டர்' என்று ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். மெயின் ஆனில் இருந்தால்தான் அது சூடாகும். அது எண்ணெயைச் சூடாக்கி ரெஃப்ரிஜிரன்டை விரட்ட பெரும்பாலான கையேடுகள் கேட்கும் நேரம் 12 முதல் 24 மணி நேரம். அதனால் மெயின் ஆன், தெர்மோஸ்டாட் ஆஃப். உங்கள் டெக்னீஷியன் செய்துவிட்டுப் போனது அதைத்தான். நடுவில் மின்சாரம் நீண்ட நேரம் போனால், வந்த பிறகு மறுபடி காத்திருக்க வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில், வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று ஒரு குளிர்ந்த காலையில் மெயினைப் போட்ட கையோடு ஓட்டிவிட்டேன். முதல் நிமிடம் முழுக்க ஒரே தட்டல் சத்தம், பிறகு அடங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று நம்பிக் கிளம்பினேன். சில வாரங்களில் அந்தக் கம்ப்ரசர் ஜாம் ஆனது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். நம் பேச்சில் கம்ப்ரசருக்குள் சுற்றுவதும் 'கேஸ்', பர்னரில் எரிவதும் 'கேஸ்'. இந்த யூனிட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் "கேஸ் திறந்தாச்சா?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பொருள் வரும். நான் வேலையிடத்தில் ரெஃப்ரிஜிரன்ட், எரிவாயு என்று பிரித்தே சொல்லச் சொல்வேன். இந்தக் காத்திருப்பு நாளில் எரிவாயு வால்வு மூடியே இருக்க வேண்டும்.

மறுநாள் ஓட்டும் முன் மெயினை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டிவிட்டு, மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கெப்பாசிட்டரில் அப்போதும் மின்சாரம் தேங்கி நிற்கும், மறக்கக்கூடாது. கப்பலிலும் லாரியிலும் ஆடாமலிருக்கப் போட்ட போல்ட்டுகள், அட்டைகள் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். கழற்றச் சொல்லிக் கையேட்டில் குறிப்பிட்டவற்றைக் கழற்ற வேண்டும். மின் முனைகளை எல்லாம் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது, எர்த், ஃபில்டர், டக்ட் டேம்பர் (காற்றுக் குழாயின் உள்ளே இருக்கும் தடுப்புக் கதவு) திறந்திருக்கிறதா என்பதெல்லாம் சீக்கிரம் முடிகிற வேலை. டிரெயின் குழாயின் வளைவில் முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். காலியாக விட்டால் ப்ளோயர் (காற்றைத் தள்ளும் பெரிய விசிறி) அந்த வழியே காற்றை உறிஞ்சி, தண்ணீரை இறங்கவிடாது.

முதலில் ப்ளோயரை மட்டும் ஓட்டுவேன். மூன்று ஃபேஸ் என்றால் சுற்றும் திசையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். காற்று வருகிறது என்பது போதாது, ஏனென்றால் இந்த வகை ப்ளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்றைத் தள்ளும். கம்ப்ரசரும் அப்படித்தான்: ஸ்க்ரோல் வகை (சுருள் வடிவத் தகடுகளால் அழுத்தும் வகை) தலைகீழாகச் சுற்றினால் இரைச்சலாக ஓடும், உறிஞ்சும் பக்கத்துக்கும் தள்ளும் பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் வராது. உடனே நிறுத்திவிட்டு, யூனிட்டுக்கு வரும் லைனில் இரண்டு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். உள்ளே கம்ப்ரசரில் மாற்றினால் மற்ற மோட்டார்கள் தப்பாகவே ஓடும். ஃபேஸ்களுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் சராசரியிலிருந்து 2 சதவீதத்தைத் தாண்டினால் நான் ஓட்டமாட்டேன்.

பிறகு கூலிங். கம்ப்ரசரை நிறுத்தினால் மறுபடி போட 5 நிமிடமாவது விட வேண்டும். கால் மணி நேரம் ஓடியதும் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஈரப்பதம் அதிகமானால் இது குறையும்.

ஹீட்டிங் எப்போதும் கடைசியில்தான். முதலில் யூனிட்டில் ஒட்டியுள்ள விவரப் பலகையைப் படியுங்கள்: இயற்கை எரிவாயுவுக்கா, எல்பிஜிக்கா? பெரும்பாலான யூனிட்டுகளில் பர்னருக்குப் போகும் எரிவாயுவின் அழுத்தம் முன்னதற்கு 3.5 அங்குல நீர் உயரம் (அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம்), பின்னதற்கு 10 அங்குலம். மாற்று நாசில் (எரிவாயு வெளிவரும் சின்னத் துளை முனை) போடாமல் எல்பிஜியை இணைத்தால் அளவுக்கு மேல் எரியும். இணைப்புகளில் கசிவைச் சோப்பு நுரையால் மட்டுமே பார்க்க வேண்டும், தீக்குச்சி கூடவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். நின்றுகொண்டு முகர்ந்து பார்த்தால் தெரியாமல் போகலாம்.

எரிவாயுவைத் திறக்கும் முன் ஒரு சோதனை செய்வேன். பலரும் தாண்டிவிடுகிற சோதனை இது. வால்வு மூடியிருக்கும்போதே தெர்மோஸ்டாட்டை ஹீட்டில் வைப்பேன். புகைபோக்கி மோட்டார் ஓட வேண்டும், பொறி விழ வேண்டும், தீ பிடிக்காததால் கட்டுப்பாட்டு போர்டு தானே நிறுத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். தீ இல்லாதபோது அது நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே வால்வைத் திறப்பேன். குழாயில் காற்று இருப்பதால் முதல் முயற்சியில் பற்றாமல் போகலாம். அப்போது விடாமல் முயன்றுகொண்டே இருக்காமல், சில நிமிடம் இடைவெளி விடுங்கள். சுடர் நீலமாக நிலையாக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் நிறுத்திவிடுங்கள். சரியாக எரியாத சுடரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். முதல் ஹீட்டில் லேசான புகையும் எண்ணெய் வாடையும் வரும், புது உலோகத்தில் படிந்த எண்ணெய் எரிவதால். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

நாளை அவர் வரும்போது கூடவே நில்லுங்கள். அழுத்தம், ஆம்பியர், காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை அவர் குறித்துக்கொள்ளும் தாளில் ஒரு நகலைக் கேட்டு வாங்கி, யூனிட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பழுது பார்க்க வருபவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.