ஒரே எண் பேருந்துகள் ஏன் சேர்ந்தாற்போல் வருகின்றன?

சென்னை 29சி (பெரம்பூர் – பெசன்ட் நகர்) போன்ற நீண்ட தடங்களில், வெகுநேரம் காத்திருந்தபின் இரண்டு வண்டிகள் ஒட்டி ஒட்டி வருவதுண்டு. வண்டிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய நேர இடைவெளி குலைவதுதான் இது.

10 நிமிட இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். முன்வண்டி சிக்னலில் 3 நிமிடம் சிக்கினால், அடுத்த நிறுத்தத்தில் 13 நிமிடக் கூட்டம் நிற்கும். நிமிடத்துக்கு 2 பேர், ஏற ஆளுக்கு 3 விநாடி என்றால் 18 விநாடி கூடுதல். பின்வண்டிக்கோ 7 நிமிடக் கூட்டம்தான். அது 18 விநாடி மிச்சம் பிடிக்கும். ஒரே நிறுத்தத்தில் இடைவெளி 36 விநாடி சுருங்குகிறது. போகப்போக இந்தச் சுருக்கம் வேகமெடுத்து, எட்டொன்பது நிறுத்தங்களில் இரு வண்டிகளும் ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடை தாமதமாகத் திறந்தால் நீண்ட வரிசையே மேலும் தாமதத்தை உண்டாக்குமே, அதேதான். நெரிசலில் டிக்கெட் போட்டு முடிக்க நடத்துநர் வண்டியை ஓரங்கட்டினால் நிலைமை இன்னும் மோசம்.

பின்வண்டியை நடுவழியில் சில நிமிடம் நிறுத்திவைப்பது ஒரு தீர்வு. பயணிகள் முணுமுணுத்தாலும் இடைவெளியைச் சீராக்க அது உதவும். நீங்கள் செய்யக்கூடியது, பின்வண்டியில் ஏறுவது. பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

ஓட்டுநர்கள் பேசிவைத்துச் சேர்ந்து கிளம்புகிறார்கள் என்பது தவறான எண்ணம். நேரம் தவறாமல் புறப்பட்ட வண்டிகளும் இப்படிச் சேரும்.