அக்கானியா, பதநீரா?

கேள்வி: பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். கருப்பட்டி காய்ச்சும் ஒரு தாயைப் பற்றிச் சிறுகதை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். ‘அக்கானி’யைப் ‘பதநீர்’ என்றும், ‘வெப்ராளம்’ என்பதை ‘மனவேதனை’ என்றும் திருத்தி, அடுக்களைப் பேச்சைக் குறைத்தால் வெளியிடலாம் என்று பதில் வந்தது. ஆண்கள் எழுதினால் மண்வாசனை எனப் பாராட்டப்படும் வட்டார வழக்கு, பெண் எழுதினால் பிழையாவது ஏன்? கதையின் இரண்டு பக்கங்களை இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, கருங்கல், குமரி மாவட்டம்

பதில்: திருத்தியவரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சேலத்தில் இருந்து வாசிப்பவருக்கும் அக்கானி விளங்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் உங்கள் முதல் பத்தியிலேயே பனையிலிருந்து இறங்கும் கலயமும் அதன் உள்விளிம்பில் பூசிய சுண்ணாம்பும் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ‘வெப்ராளம்’ நிச்சயமாக மாற்றக் கூடாத சொல். மனவேதனையை ஒருத்தி மூலையில் உட்கார்ந்தே அனுபவித்துவிடலாம். வெப்ராளம் பிடித்தவளுக்கு நின்றால் நிலைகொள்ளாது, முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். உங்கள் கதையில் அந்தத் தாய் செய்வதும் அதைத்தானே?

ஆண், பெண் என்று நீங்கள் போட்ட கணக்கில் மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. குமரி எழுத்தாளர்களில் பொன்னீலன் 1994-லும், தோப்பில் முஹம்மது மீரான் 1997-லும், நாஞ்சில் நாடன் 2010-லும் சாகித்திய அகாதமி விருது பெற்றார்கள். இவர்கள் மூவரின் நாவல்களுக்கும் முன்பே, 1964-ல், பனைவிளைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பேச்சை ‘புத்தம் வீடு’ நாவலில் எழுதியவர் ஹெப்சிபா ஜேசுதாசன். வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைபடும் லிஸி, பனையேறியின் மகனை விரும்புவதுதான் கதை. ஹெப்சிபா ஆங்கிலப் பேராசிரியர். அவர் வட்டார வழக்கில் எழுதியபோது, இந்த அம்மாளுக்குப் பொதுத்தமிழ் தெரியாதோ என்ற ஐயம் எவருக்கும் எழ வாய்ப்பில்லை. என் பார்வையில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பொதுத்தமிழ் அறிந்தவர் என்று முன்கூட்டியே நம்பப்படுகிறவருக்கு வழக்குச் சொல் நடையழகாகிறது. அந்த நம்பிக்கையைப் பெறாதவருக்கு அதே சொல் பிழையாகிறது. படிப்பும் சாதியும் வேலையும் அந்த நம்பிக்கையைப் பங்கிடுகின்றன. பெண் என்றால் பங்கு இன்னும் சுருங்கும். (சாகித்திய அகாதமி விருது தொடங்கிய 1955 முதல் 2024 வரை தமிழில் அதைப் பெற்ற பெண்கள் ராஜம் கிருஷ்ணன், லட்சுமி, திலகவதி, அம்பை ஆகிய நால்வரே.)

இந்த மண்ணில் சொல்லுக்குக் காவல் போட்ட வரலாறும் உண்டு. லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஊழியரான சாமுவேல் மட்டீர், அன்று குமரியையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரைப் பற்றி 1871-ல் வெளியிட்ட நூலில், அடிமைச் சாதியினர் மேல்சாதியார் முன்பு ‘நான்’ என்று சொல்லாமல் ‘அடியேன்’ என்றும், தாங்கள் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லாமல் ‘கரிக்காடி’ (அழுக்குக் கஞ்சி) என்றும் பேச வேண்டியிருந்ததையும், பெற்ற பிள்ளைகளைக்கூடக் கன்று, குரங்கு என்றே குறிப்பிட வேண்டியிருந்ததையும் பதிவு செய்திருக்கிறார். ஓர் இதழாசிரியரின் பேனாவை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது அநியாயம், நான் ஒப்பிடவில்லை. தன் அடுப்பில் இருப்பதற்குத் தானே பெயர் சொல்வது இங்கே எளிதில் கிடைத்த உரிமை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வெள்ளிக்கோட்டைச் சேர்ந்த மலர்வதி, துப்புரவுத் தொழிலாளியின் வாழ்க்கையைச் சொல்லும் தம் நாவலுக்குத் ‘தூப்புக்காரி’ என்றே பெயரிட்டார். அதற்கு 2012-ல் இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்திய அகாதமியின் யுவ புரஸ்கார் விருது கிடைத்தது. தலைப்பைத் ‘துப்புரவுப் பணியாளர்’ என்று மாற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

எனவே இரண்டு சொற்களையும் அப்படியே வைத்து, காரணத்தை நான்கு வரியில் எழுதி, கதையைத் திருப்பி அனுப்புங்கள். மறுத்தால் வேறு இதழ் பாருங்கள். ஆனால் இரண்டாம் பக்கத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. அக்கானி பொங்கி வழியப் போகும்போது அந்தத் தாய் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு நுரையை அடக்குவதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவள் கை அறிந்த வித்தை அது. அந்த இடத்தை ஒரு பக்கத்துக்காவது விரித்து எழுதுங்கள். சிரட்டையில் ஊற்றும் பதம் வந்துவிட்டது என்பதை அவள் எதைப் பார்த்து அறிகிறாள் என்பதையும் சேர்த்து.