பங்களா சாமானில் வந்த முகக் குவளைகள்: சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் மாமனார் ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காபி எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை குடும்பம் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் மனித முகம் வைத்த பீங்கான் குவளைகள் ஐந்து இருக்கின்றன. பெரியதன் அடியில் சிங்கம், கிரீடம், ‘ராயல் டூல்டன்’, ‘ஓல்டு சார்லி’, டி 5420 என்று இருக்கிறது. பக்கத்தில் 12 என்ற எண்ணும் ‘ஏ’ என்ற எழுத்தும் உள்ளன. இன்னொன்று குடைப்பிடி வைத்த பாட்டி முகம். இரண்டில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருக்கிறது. ஐந்தாவதில் எந்த முத்திரையும் இல்லை. சேலத்திலிருந்து வந்த ஒரு தரகர், பெரியது 200 வருடப் பழசு, லண்டனில் பல லட்சம் போகும், தொல்லியல் துறைச் சான்றிதழும் கார்பன் டெஸ்ட்டும் எடுக்க 15,000 ரூபாய் வேண்டும் என்கிறார். செவ்வாய்ப்பேட்டைப் பழைய சாமான் கடைக்காரர் ஐந்துக்கும் சேர்த்து 3,000 தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது? பேரன் அந்தச் சின்னக் குவளையில்தான் பால் குடிப்பேன் என்று அடம்பிடிக்கிறான், கொடுக்கலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: அந்தப் பதினைந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. குவளையையும் அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒரு பொருளை வாங்க வந்தவர் உங்களிடமே பணம் கேட்டால் அவர் வாங்க வந்தவர் இல்லை. இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு என்று ஊர் ஊராகப் பணம் கறந்தார்களே, இதுவும் அதே கணக்குதான். முதலில் பல லட்சம் என்று காதில் போடுவார்கள். அப்புறம் டெஸ்ட் செலவு, சான்றிதழ் செலவு, கஸ்டம்ஸ் செலவு என்று தவணை தவணையாக வரும். கடைசியில் போன் எடுக்க மாட்டார்கள்.

அவர் சொல்லும் கார்பன் டெஸ்ட் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கு, அதாவது மரம், எலும்பு, துணி போன்றவற்றுக்குச் செய்வது. சூளையில் சுட்டு மேலே பளபளப்பு ஏற்றிய பீங்கானுக்கு அது பொருந்தாது. சுட்ட மண்ணுக்கு வேறொரு சோதனை உண்டு. ஆனால் அதற்குப் பொருளில் துளை போட்டு மாவு எடுக்க வேண்டும். ஒரு குவளைக்காக யாரும் அதைச் செய்வதில்லை.

தேவையும் இல்லை, வயது அடியிலேயே எழுதியிருக்கிறது. முகம் மட்டும் உள்ள இந்த வகைக் குவளையை இங்கிலாந்தின் டூல்டன் பீங்கான் கம்பெனி 1934-ல்தான் ஆரம்பித்தது. சார்ல்ஸ் நோக் என்பவர் வடிவமைத்த ‘ஜான் பார்லிகார்ன்’ முதலாவது. உங்கள் ஓல்டு சார்லியும் அதே 1934-ல் வந்ததுதான். சிங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணோடு 1927-ஐக் கூட்டினால் செய்த வருடம் கிடைக்கும். உங்களுடையது 12, ஆக 1939. தரகர் 200 வருடம் என்று சொல்வது டோபி ஜக்கின் கதையைத் தூக்கி இதன் தலையில் வைப்பது. டோபி என்பது முக்கோணத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் முழு ஆள் உருவம். 1760-களில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் தோன்றியது. அதிலும் பிற்காலத்து நகல்கள்தான் அதிகம்.

எண்ணைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சில குவளைகளில் ‘காப்பிரைட்’ என்று போட்டு ஒரு வருடம் அச்சிட்டிருக்கும், பதிவு எண்களும் இருக்கும். அது வடிவத்தைப் பதிவு செய்த வருடம். அந்தக் குவளை சூளையிலிருந்து வந்த வருடம் அல்ல. ‘ஏ’ என்ற எழுத்தைக் காட்டி ‘ஏ கிரேடு’ என்று விலை ஏற்றுவார்கள். 1939-லிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை தொழிற்சாலை தன் உள்வேலைக்காகப் போட்ட குறி அது, தரச் சான்று கிடையாது. ‘ராயல்’ என்று இருப்பதால் அரண்மனைப் பொருள் என்பார்கள். 1901-ல் அரச அனுமதி கிடைத்ததிலிருந்து கம்பெனி தன் சாமான் எல்லாவற்றிலும் அப்படித்தான் போட்டது.

இனி அந்தச் சான்றிதழ். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 வருடமாவது ஆன பொருள்தான் தொல்பொருள். கையெழுத்துச் சுவடி என்றால் 75. 1939-ல் செய்த குவளை அந்தக் கணக்கில் வராது. வந்தாலும்கூட, கட்டாயம் பதிவு செய்ய வேண்டியவை அரசு அறிவித்த சில வகைகள்தான்: சிலைகள், ஓவியங்கள், ஓவியம் உள்ள சுவடிகள் போன்றவை. வீட்டுப் பீங்கான் குவளை அதில் இல்லை. எந்தத் தொல்லியல் அதிகாரியும் ‘இதன் விலை இவ்வளவு லட்சம்’ என்று எழுதித் தருவதும் இல்லை. மூன்று சிங்கம் போட்ட தாளில் அப்படி ஒரு விலைச் சான்றிதழை யாராவது நீட்டினால், அது கம்ப்யூட்டர் சென்டரில் அடித்தது.

முத்திரை இல்லாத ஐந்தாவது குவளையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வயது தெரியவில்லை. ஒரு பேச்சுக்கு அது 1880-ல் செய்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது சட்டப்படி தொல்பொருள். ‘இங்கிலாந்தில் செய்ததுதானே, நம் நாட்டுப் பாரம்பரியம் இல்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் எங்கே செய்தது என்று பார்ப்பதில்லை, 100 வருடம் ஆனதா என்றுதான் பார்க்கிறது. இங்கிலாந்தில் செய்து, கப்பலில் வந்து, சேர்வராயன் மலையில் ஒரு பங்களா அலமாரியில் கிடந்த குவளையை மறுபடி இங்கிலாந்துக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் வேறு. வீட்டில் வைத்திருப்பதில் தவறில்லை. சொந்தப் பொருளை உள்நாட்டில் ஒருவருக்கு விற்பதிலும் தவறில்லை. அதையே தொழிலாகச் செய்பவருக்குத்தான் உரிமம் வேண்டும். ‘லண்டனுக்கு அனுப்பித் தருகிறேன்’ என்ற பேச்சில் சிக்கினால் அனுப்பியவர் நீங்கள் என்றுதான் காகிதம் சொல்லும், தரகர் பெயர் எங்கும் இருக்காது.

சரி, 100 வருடம் ஆகாத பொருள் என்று நிரூபித்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்றால், அதற்கென்று ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை அலுவலகம் இருப்பது ஜார்ஜ் கோட்டையில். ஏற்காட்டிலிருந்து 370 கிலோமீட்டர் போல, உடையும் சாமானைச் சுமந்துகொண்டு, இரண்டாயிரம் ரூபாய்க் குவளைக்காகப் போய் நிற்க யாரால் முடியும்? அரை நூற்றாண்டாக இந்தச் சட்டத்தில் சோழர் கால வெண்கலத்துக்கும் துரை வீட்டு பீர் குவளைக்கும் ஒரே அளவுகோல். இதைச் சாமானியருக்கு விளக்கிச் சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை என்பதால்தான் தரகர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

இனி விலை. ஓல்டு சார்லி பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரான குவளை. இங்கிலாந்தின் சிறு ஏலங்களில் பத்து, இருபது பவுண்டுக்குக்கூட இவை போகின்றன. பொட்டலம் கட்டி அனுப்பும் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். குடைப்பிடிப் பாட்டியின் பெயர் ‘சேரி கேம்ப்’ (Sairey Gamp). பெரியதில் டி 5451, சிறியதில் டி 5528 என்று இருக்கும். அதுவும் 1935-லிருந்து ஐம்பது வருடம் போலச் செய்ததுதான். நிஜமாகவே அரிய டூல்டன்கள் உண்டு: 1940-ல் வந்து சீக்கிரமே நிறுத்தப்பட்ட, இரண்டு பிடி வைத்த வெள்ளைநிற சர்ச்சில், மஞ்சள் கிரீடம் வைத்த ஓல்டு கிங் கோல். உங்களிடம் உள்ளவை அவை அல்ல.

கடைக்காரர் கேட்ட 3,000 குறைவுதான், ஆனால் கொள்ளை இல்லை. குறையில்லாத பெரிய சார்லிக்கு மட்டுமே இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். விலை பேசுவதற்கு முன் குறை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். வெளிச்சமான ஜன்னலோரம், மேஜையில் மடித்த துண்டு விரித்து, குவளையைப் பிடியில் தூக்காமல் இரண்டு கையாலும் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். அடி முத்திரையின் குறுக்கே கீறல் போட்டிருந்தாலோ முத்திரை நடுவில் சிறு துளை இருந்தாலோ அது தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது. பாதி விலைகூடப் போகாது. அடுத்து விளிம்பை நகத்தால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது. இருட்டில் மொபைல் டார்ச்சைக் குவளைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை விரிசல் கோடாகத் தெரியும்.

உடைந்து ஒட்டிப் பெயின்ட் அடித்தவைதான் பெரிய பொறி. தொப்பி ஓரம், மூக்கு நுனி, பிடி சேரும் இடம், இந்த மூன்றும்தான் முதலில் உடையும். அந்த இடங்களில் விரலை ஓட்டுங்கள். பீங்கான் சில்லென்று வழுக்கும், பெயின்ட் கொஞ்சம் வெதுவெதுப்பாக, பிசுக்காக இருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கில் இருட்டில் காட்டினால் ஒட்டு வேலை திட்டுத் திட்டாக வேறு நிறத்தில் ஒளிரும். நீங்களாக ஃபெவிக்விக், அரால்டைட் எதையும் போட்டு ஒட்டிவிடாதீர்கள். உடைந்த துண்டைப் பஞ்சில் சுற்றிக் கவரில் போட்டு வையுங்கள். துண்டோடு விற்றால் கிடைக்கும் விலை, மோசமாக ஒட்டியதற்குக் கிடைக்காது.

ஜப்பான் குவளைகள் இரண்டும் டூல்டனைப் பார்த்துச் செய்த மலிவு ஏற்றுமதிச் சரக்கு. அந்த முத்திரை, 1945-லிருந்து 1952 வரை அமெரிக்கத் தலைமையிலான படை ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காலத்துக்கு மட்டும் உரியது. அதனாலேயே சிலர் தேடிச் சேர்க்கிறார்கள், அதனாலேயே போலி முத்திரையும் குத்துகிறார்கள். பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு அடி முத்திரையை மட்டும் தேயுங்கள். அசல் அழியாது, பின்னாளில் குத்திய ரப்பர் ஸ்டாம்ப் கரைந்து வரும். முகத்துப் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள், வண்ணம் போய்விடும்.

விற்பதென்றால் முன்பக்கம், இரு பக்கம், அடி, உட்புறம், குறை உள்ள இடம் என்று தனித்தனியாகப் படம் எடுத்து, தொப்பி உச்சி வரை உயரத்தை செ.மீ.-யில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அளவைப் பொறுத்து விலை மாறும். பெரியது 13-லிருந்து 19 செ.மீ., சிறியது 8-லிருந்து 11, மினியேச்சர் 6 போல. இணையத்தில் பார்க்கும்போது விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்கும் விலையில் யாரும் எந்த எண்ணையும் போடலாம். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். குவளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பணம் கைக்கு வந்த பிறகுதான் பொருள் கை மாற வேண்டும்.

உங்கள் ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் மேல்பூச்சில் வலைபோல வெடிப்பு இருந்தால் அதற்குள் கறையும் பூஞ்சையும் இறங்கும். ப்ளீச்சிங், சபீனா, புளி, தேங்காய் நார் எதுவும் ஆகாது. ப்ளீச் வெடிப்புக்குள் இறங்கி உப்பாகப் பூத்து மேல்பூச்சையே உரித்துவிடும். பிளாஸ்டிக் டப்பில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு லிக்விட் சோப், குழந்தை டூத் பிரஷ், அவ்வளவுதான். ஒட்டிய குவளையை ஊற வைக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். கழுவியதை இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்துவிட்டு அலமாரியில் வையுங்கள்.

பேரனுக்கு அதில் பால் வேண்டாம். அந்தக் காலத்து மேல்பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் சேர்ப்பது சகஜம். ஜப்பான் குவளைகளில் வண்ணம் பூச்சுக்கு மேலேயே இருப்பதால் சூடு பட்டால், தேய்த்தால் உரிந்தும் வரும். எலுமிச்சை ஜூஸ், மோர், ரசம் மாதிரிப் புளிப்பு இன்னும் மோசம். இதுவரை எப்போதாவது குடித்ததற்காகப் பயப்பட வேண்டாம், தினமும் குடித்திருந்தால் மட்டும் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அவனுக்கு முகம் வைத்த குவளைதான் வேண்டுமென்றால் கடையில் புதிதாகக் கிடைக்கிறது, உணவுக்கு ஏற்றது என்று அடியில் குறி உள்ளதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.