பழைய அமெரிக்க அரசாங்க லெட்டர்களை ப்ராஜெக்ட்டுக்கு எடுக்குறீங்களா? எழுதுன தேதி மட்டும் போதாது

கேள்வி: எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கிறேன், 1790லருந்து 1803 வரைக்கும் அமெரிக்காவோட வெளியுறவு பத்தி டிசர்டேஷன். அமெரிக்காவை நிறுவுன தலைவர்களோட காகிதங்களைப் போட்டிருக்க ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் சைட்ல, முதல் வெளியுறவு செயலர் ஜெஃபர்சன் லெட்டர் எல்லாம் வரிசையா படிச்சிட்டு வரேன். ஒரே லெட்டருக்கு மூணு நாலு பிரதி இருக்குனு அடிக்குறிப்பு சொல்லுது, சில வரி மட்டும் சாய்வெழுத்துல இருக்கு, ஒருத்தர் கேட்டதுக்கு அடுத்த லெட்டர்ல பதிலே இல்ல. எதை நம்பி எழுதுறது?

பதில்: உங்க கடைசி சந்தேகத்தை முதல்ல எடுத்துக்குறேன், மத்த ரெண்டுக்கும் அப்புறம் வரேன். நீங்க எழுதுன தேதி வரிசையில படிக்கிறீங்க, அதனாலதான் பதில் வராத மாதிரி தெரியுது. அப்போ தலைநகரா இருந்த ஃபிலடெல்பியாலருந்து பாரிஸுக்கு பாய்மரக் கப்பல்ல லெட்டர் போக ஒரு மாசத்துக்கு மேல ஆகும், காத்து ஒத்துழைக்கலனா ரெண்டு மூணு மாசம்கூட ஆகும், பதில் திரும்பி வர்றதுக்கும் அதே பாடுதான். அப்போ மார்ச்ல இவர் எழுதுனதுக்கு ஏப்ரல்ல அவர் எழுதுனது பதிலா இருக்கவே முடியாது. ஒரு ஷீட் போடுங்க, எழுதுன தேதிக்கு ஒரு நெடுவரிசை, கைக்கு கிடைச்ச தேதிக்கு இன்னொரு நெடுவரிசை, அப்புறம் கிடைச்ச தேதி வரிசையில மறுபடி படிங்க. கிடைச்ச தேதியை எங்க தேடுறதுனா, வாங்குனவங்க லெட்டர் பின்னாடி குறிச்சு வைக்கிற பழக்கம் இருந்துச்சு, ஜெஃபர்சன் 1783லருந்தே வந்தது போனது எல்லாத்துக்கும் தனியா ஒரு பதிவேடு வச்சிருந்தார், ரெண்டும் அடிக்குறிப்புல வரும்.

இதைச் செய்யாம எழுதுனா என்ன ஆகும்னு, பிரான்ஸ்கிட்டருந்து லூசியானாங்கற பெரிய நிலப்பரப்பை அமெரிக்கா வாங்குன விஷயத்துல நல்லா பார்க்கலாம். 1803 மார்ச் 2 தேதியில வெளியுறவு செயலர் மேடிசன் கொடுத்த உத்தரவு என்னன்னா நியூ ஆர்லியன்ஸையும் ஃப்ளோரிடா பகுதிகளையும் வாங்கப் பாருங்க, 5 கோடி லிவ்ரு (பிரெஞ்சு பணம்) வரைக்கும் போகலாம், அதாவது சுமார் 93 லட்சம் டாலர். இதை எடுத்துக்கிட்டு விசேஷத் தூதர் மன்ரோ ஏப்ரல் 12 பாரிஸ் போய் சேர்றார், அதுக்கு முந்தின நாளே பிரெஞ்சு மந்திரி டாலிராண்ட், ஏற்கனவே அங்க இருந்த அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டன்கிட்ட லூசியானா மொத்தத்துக்கும் என்ன தருவீங்கனு கேட்டுட்டார். இதுக்கு உத்தரவுல இடமே கிடையாது. ஊருக்கு எழுதிக் கேட்டு பதில் வர்றதுக்குள்ள கோடை முடிஞ்சிரும், நெப்போலியன் அதுவரைக்கும் மனசு மாறாம இருப்பார்னு யார் சொல்ல முடியும்? ரெண்டு பேரும் சொந்தப் பொறுப்புல 1.5 கோடி டாலருக்கு ஒத்துக்கிட்டாங்க, ஒப்பந்தத்துல ஏப்ரல் 30னு தேதி போட்டிருக்கு, கையெழுத்து மே மாசம்தான் ஆச்சு, தலைநகர் வாஷிங்டனுக்கு சேதி வந்தது ஜூலை 3. மே, ஜூன்ல மேடிசன் எழுதுற லெட்டர்ல இதைப் பத்தி எதுவும் இல்லையேனு பார்த்து அவர் மறைக்கிறார்னு எழுதிடாதீங்க, அவருக்குத் தெரியவே தெரியாது. வெளிநாட்டுல இருந்த தூதருக்கு அன்னைக்கு இருந்த அதிகாரமே இந்த இடைவெளியிலதான் இருக்கு, உங்க டிசர்டேஷனுக்கு இதையே மையமா வச்சாலும் தாங்கும்.

சில சமயம் லெட்டர் மேல இருக்க தேதியே வேற காரணத்துக்காக போட்டதா இருக்கும். பிரெஞ்சு தூதர் ஜெனே பண்ண அடாவடி தாங்காம அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கோங்கனு கேக்குற லெட்டரை ஜெஃபர்சன், பாரிஸ்ல இருந்த அமெரிக்கத் தூதர் கவர்னர் மாரிஸுக்கு எழுதுனார் (கவர்னர்ங்கறது அவர் பேரு, பதவி இல்ல). தேதி 1793 ஆகஸ்ட் 16. ஆனா மந்திரிகள் உக்காந்து பத்தி பத்தியா பார்த்து முடிச்சது ஆகஸ்ட் 23, கூட வச்சு அனுப்புற காகிதங்கள்ல கடைசியோட தேதி 16ங்கறதால லெட்டருக்கும் அதையே போட்டாங்க. இன்னொண்ணும் இதுல கவனிங்க, ஜெஃபர்சன் கையெழுத்து இருந்தாலும் அது அவர் தனிக் கருத்து இல்ல, அதிபர் வாஷிங்டன் பார்த்து சம்மதிச்சு போனது. முக்கியமான லெட்டர் எதுவுமே அவர் கண்ணுல படாம போகாது.

பிரதிகளுக்கு வருவோம். கப்பல் மூழ்கும், எதிரி பிடிப்பான், அதனால ஒரே லெட்டரை ரெண்டு மூணு பிரதி எடுத்து வேற வேற கப்பல்ல அனுப்புவாங்க. 1794 நவம்பர் 19ல லண்டன்ல அமெரிக்கத் தூதர் ஜே கையெழுத்து போட்ட பிரிட்டன் ஒப்பந்தத்தோட ரெண்டு மூலப் பிரதி டாங்கர்வில்ங்கற தபால் கப்பல்ல போச்சு, பிரெஞ்சுக்காரங்க கையில சிக்கக்கூடாதுனு கடல்ல தூக்கிப் போட்டுட்டாங்க. வேற வழியா வந்த இன்னொரு பிரதி 1795 மார்ச் 7தான் ஃபிலடெல்பியா வந்தது, செனட் கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சு, ஜூன்ல விசேஷமா கூடி 24ஆம் தேதி 20க்கு 10னு ஒப்புதல் கொடுத்தாங்க. அடிக்குறிப்புல ஆர்.சி.னு இருந்தா வாங்குனவர் கையில இருந்தது, அதுதான் முதல் சாய்ஸ். பி.ஆர்.சி.னா ஜேம்ஸ் வாட் கண்டுபிடிச்ச பிரஸ்ல மெல்லிசு தாள்ல ஒத்தி எடுத்தது, எழுதுன மை அப்படியே ஒட்டுறதால வார்த்தை மாறாது, அதை நம்பலாம். எஃப்.சி.னா ஆபீஸ் ஃபைல் பிரதி, பெரும்பாலும் கிளார்க் பார்த்து எழுதுனது, இங்கதான் சின்னச் சின்ன வித்தியாசம் வரும். டிராஃப்ட்ல அடிச்சுவிட்ட வரி இருந்தா எடுத்துக்கலாம், ஆனா அனுப்பாத வரியை அனுப்புனதா எழுதக்கூடாது.

சாய்வெழுத்து வரி பெரும்பாலும் சங்கேதத்துல எழுதி அப்புறம் பிரிச்சு படிச்சது, ஒவ்வொரு தொகுப்போட முன்னுரையிலயும் அவங்க முறையைச் சொல்லியிருப்பாங்க, பார்த்துக்கோங்க. ஒரு சொல்லுக்கோ அசைக்கோ ஒரு எண், அப்படி சுமார் 1,700 எண் இருக்க பட்டியல் தூதர்கிட்ட ஒண்ணு, செயலர்கிட்ட ஒண்ணு இருக்கும். எந்த வரியைச் சங்கேதமா மாத்துனாங்கனு பாருங்க, அவங்க எதுக்கு பயந்தாங்கனு அங்கேயே தெரிஞ்சிரும். 1797 அக்டோபர்லருந்து பாரிஸ்ல பிரெஞ்சு தரப்பு லஞ்சம் கேட்ட கதையை அமெரிக்கத் தூதர்கள் பிங்க்னி, மார்ஷல், ஜெர்ரி மூணு பேரும் எழுதி அனுப்புன லெட்டர்கள் 1798 மார்ச் 4 ராத்திரி மொத்தமா வந்து சேர்ந்துச்சு, சாதாரண எழுத்துல இருந்த கடைசி ஒண்ணை மட்டும் அதிபர் ஆடம்ஸ் மறுநாளே காங்கிரஸுக்கு அனுப்பிட்டார், மிச்சத்தைப் பிரிச்சு படிக்கவே நாள் கணக்கா ஆச்சு. ஆடம்ஸ் மார்ச் 5ல பேசுறதையும் ஏப்ரல் 3ல எல்லா லெட்டரையும் காங்கிரஸ் முன்னாடி வைக்கிறதையும் ஒரே தகவலை வச்சு எடுத்த முடிவா எழுதிடாதீங்க.

அப்புறம் தனிக் கடிதம், ஆபீஸ் கடிதம் வித்தியாசம். ஒரே ஆளுக்கு ஜெஃபர்சன் ரெண்டு விதமாவும் எழுதுவார். 1793 ஜனவரி 3ல, ஐரோப்பாவுல அமெரிக்கத் தூதரா இருந்த வில்லியம் ஷார்ட்டுக்கு, பிரெஞ்சுப் புரட்சி தோக்குறதைவிட பாதி உலகம் அழிஞ்சாலும் பரவாயில்லங்கற மாதிரி எழுதுனார் பாருங்க, அதை அமெரிக்க அரசோட கொள்கைனு நிறைய பேர் எடுத்துப் போடுறாங்க. அது தனிக் கடிதம். அதே வருஷம் ஏப்ரல் 22ல வாஷிங்டன் வெளியிட்ட நடுநிலை அறிவிப்புதான் அரசோட நிலை.

உங்க கைடு இந்தியத் தொடர்பு எதாவது கேட்டா, 1792ல கல்கத்தாவுக்கு கான்சலா (நாட்டோட வியாபார நலனைப் பார்த்துக்குற அரசு அதிகாரி) வாஷிங்டன் நியமிச்ச பெஞ்சமின் ஜாயைப் பாருங்க. 1794ல அவர் போய் இறங்குனப்ப கிழக்கிந்தியக் கம்பெனி கான்சலா ஏத்துக்கல, வியாபார ஏஜென்ட்டா இருந்துக்கோனு விட்டாங்க, அந்த நிலையிலயே மெட்ராஸுக்கு வில்லியம் அபட்னு ஒருத்தரை அவர் ஏஜென்ட்டா போட்டார்.

அடிக்குறிப்பு போடும்போது எழுதுனவர், வாங்குனவர், தேதி, எந்த வகைப் பிரதி, இது நாலும் கட்டாயம். சைட்ல எர்லி ஆக்சஸ்னு போட்டிருந்தா அது இன்னும் சரிபார்த்து முடிக்காத படி, முக்கியமான மேற்கோளுக்கு அதை மட்டும் நம்பாம மூலத்தோட படம் கிடைக்குதானு தேடுங்க, ஜெஃபர்சன், வாஷிங்டன் ரெண்டு பேர் காகிதங்களோட படமும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல இலவசமா கிடைக்கும்.