பெரிய குடும்பத்தில் நடுவில் பிறந்த பெண் தனக்கென்று ஓர் அடையாளத்தை எப்படி உருவாக்கிக்கொள்வது?

கேட்டவர் ஐந்து பேரில் மூன்றாவது. மேலே இரண்டு அக்கா, கீழே ஒரு தங்கையும் தம்பியும். வீட்டில் யாரும் தன்னைக் கொடுமைப்படுத்தவில்லை, ஆனாலும் "நான் யாரென்று கேட்டால் இன்னாருக்குத் தங்கை, இன்னாருக்கு அக்கா என்றுதான் பதில் வருகிறது" என்று எழுதியிருக்கிறார்.

நான் ஏழு பேரில் நான்காவது. மேலே மூன்று, கீழே மூன்று. இதற்கு மேல் நடுவில் பிறக்க முடியாது என்பதால் தைரியமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "அப்பா அம்மா ஓரவஞ்சனை செய்யவில்லையே, அப்புறம் எனக்கு மட்டும் ஏன் இந்தக் குறை?" என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்துகிற வீட்டிலும் நடுவில் இருப்பவருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். ரால்ஃப் ஹெர்ட்விக், ஜெனிஃபர் டேவிஸ், ஃபிராங்க் சலோவே என்ற மூன்று ஆய்வாளர்கள் 2002ல் இதை எடுத்துச் சொன்னார்கள். நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். மூன்று பிள்ளைகள், மும்மூன்று வருட இடைவெளி, ஒவ்வொருவரும் 18 வயதுவரை வீட்டில் இருக்கிறார்கள், பெற்றோர் தங்கள் நேரத்தை அன்றன்றைக்கு வீட்டில் இருப்பவர்களுக்குச் சரிசமமாகப் பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். மூத்தவருக்கு முதல் மூன்று வருடம் முழுசாக, அடுத்த மூன்று வருடம் பாதியாக, மீதி 12 வருடம் மூன்றில் ஒரு பங்காக. மொத்தம் எட்டரை வருடம். கடைசிப் பிள்ளைக்கும் எட்டரைதான், மற்ற இருவரும் வீட்டைவிட்டுப் போனபிறகு முழுப் பங்கும் அவருக்கே வருகிறது. நடுவில் இருப்பவருக்கு ஏழு. ஒன்றரை வருடம் எங்கே போனது? யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றோரைத் தனியாக வைத்துக்கொள்ளும் காலம் மூத்தவருக்கு ஆரம்பத்தில் வாய்க்கிறது, கடைசிப் பிள்ளைக்கு முடிவில் வாய்க்கிறது, நடுவில் இருப்பவருக்கு வாய்ப்பதே இல்லை. ஐந்து, ஏழு என்று போனால் இன்னும் மோசம்.

இந்தக் கணக்கை நான் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதி. கோபப்பட ஆளே இல்லை என்று தெரிந்துவிட்டது.

என் பங்குக்கு வந்த கணக்குப் புத்தகம் ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய அக்கா பெயர், அதை அடித்துவிட்டுச் சின்ன அக்கா பெயர், அதையும் அடித்துவிட்டு அண்ணன் பெயர், மிச்சமிருந்த ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர். உள்ளே எல்லாக் கணக்குக்கும் பென்சிலில் விடை எழுதியிருக்கும், மூன்று கையெழுத்தில். புத்தகம் கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை ரப்பரை எடுத்து அத்தனையையும் அழிப்பதுதான். அக்காக்கள் எழுதியது சுலபமாகப் போய்விடும். அண்ணன் அழுத்தி எழுதுகிறவன், அழித்தாலும் பள்ளம் நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் விடையைப் படித்துவிடலாம். சாய்க்காமல் போடுவது என்று எனக்கு ஒரு வீம்பு. எனக்குக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் வீட்டில் கணக்குப் புலி அண்ணன்தான். பெரிய குடும்பங்களில் பட்டம் சீக்கிரமே கொடுத்துவிடுவார்கள். ஒருத்தி படிப்பாளி, ஒருத்தி கைவேலைக்காரி, ஒருவன் வாலு, கடைக்குட்டி செல்லம். எல்லாவற்றையும் பங்குபோட்ட பிறகு நடுவில் இருப்பவளுக்கு மிஞ்சுவது 'சமத்து'. "அவளைப் பற்றிக் கவலையே இல்லை, தன் பாட்டுக்கு இருப்பாள்" என்பார்கள். கேட்கப் பாராட்டு போல இருக்கும். அதன்பிறகு உங்களைக் கவனிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது என்பதுதான் அதில் உள்ள வினை.

இங்கேதான் நடுவில் பிறந்தவர்கள் பலர் ஒரு வழியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அக்கா படித்தால் நான் படிக்க மாட்டேன், தங்கை பாடினால் நான் வாயே திறக்க மாட்டேன் என்று, காலியாக இருக்கும் இடத்தைத் தேடிப்போய் உட்காருவது. உடன்பிறந்தவர்கள் தங்களை ஒருவருக்கொருவர் நேர்மாறானவர்களாக ஆக்கிக்கொள்ளும் இந்தப் போக்கை ஃபிரான்சஸ் ஷாக்டர் என்ற உளவியலாளர் 1970களிலேயே ஆராய்ந்திருக்கிறார். சண்டையும் போட்டியும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி அமைத்துக்கொண்ட அடையாளத்தின் அளவுகோல் அக்காவிடமே இருக்கிறது. அவர் நாளைக்கு மாறினால் நீங்களும் மாற வேண்டும்!

ஆகவே என் கருத்து இதுதான்: வித்தியாசமாக இருக்க முயலாதீர்கள். உங்களுக்குப் பிடித்தது அக்காவுக்கும் பிடிக்கும், அவர் அதில் உங்களைவிடக் கெட்டிக்காரர் என்றே இருக்கட்டும், அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. "அண்ணனைப் பார்த்துப் போடுகிறாள்" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டு நான் புள்ளியியல்தான் படித்தேன், அந்த வேலையில்தான் இருக்கிறேன். வீட்டில் இன்றைக்கும் கணக்குச் சந்தேகம் என்றால் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் எனக்கு அண்ணன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

"நடுவில் பிறந்தவர்கள் இப்படித்தான், விட்டுக்கொடுப்பார்கள், பொறாமைப்படுவார்கள்" என்று யாராவது ஜோசியம்போலச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிறந்த வரிசை குணத்தைத் தீர்மானிக்கும் என்ற பேச்சைப் பரப்பியவர் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரெட் அட்லர், போன நூற்றாண்டின் தொடக்கத்தில். 2015ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். கூச்சம், பதற்றம், பொறுப்பு, இணக்கம் எதிலும் பிறந்த வரிசையின் தடயம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 3,77,000 பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் தெரிந்த வித்தியாசமும் இருக்கிறதா இல்லையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவுதான். வீட்டுக்குள் உங்களுக்குக் கிடைத்த இடம் வேறு, உங்கள் குணம் வேறு.

இடம் என்றதும் சுனச்சேபன் ஞாபகம் வருகிறான். வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் வருகிற கதை. வேள்விப் பசு காணாமல்போய்விட, பதிலுக்கு ஓர் ஆளைத் தேடி அம்பரீஷ மன்னன் ரிசீக முனிவரிடம் வருகிறான். மூத்தவனைத் தரமாட்டேன் என்கிறார் அப்பா. கடைக்குட்டியைத் தரமாட்டேன் என்கிறாள் அம்மா. நடுவில் நின்ற பையன், அப்படியானால் விற்பனைக்கு இருப்பவன் நான்தான் என்று தானே புரிந்துகொண்டு கிளம்புகிறான். சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் அண்ணனுக்கு ஒன்றும் தோன்றவில்லை, பசுவை யார் திருடியது என்று கேட்டுக்கொண்டிருந்தான். (இந்திரன்.)

சுனச்சேபனைக் காப்பாற்றுவது வழியில் சந்தித்த விசுவாமித்திரர், தாய்மாமன். பெற்ற வீட்டுக்கு வெளியே இருந்த ஒருவர். கேத்தரின் சால்மன், மார்ட்டின் டேலி இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்விலும் இந்தச் சாயல் உண்டு. உங்களுக்கு மிக நெருக்கமானவர் யார் என்று கேட்டால், முதலில் பிறந்தவர்களையும் கடைசியில் பிறந்தவர்களையும்விட நடுவில் பிறந்தவர்கள் பெற்றோரைச் சொல்வது குறைவு. இதைக் குறையாகப் பார்க்காமல் வழியாகப் பாருங்கள். உங்களை யாருடைய தங்கையாகவும் அறியாத ஓர் ஆசிரியர், தோழி, உடன் வேலை செய்பவர், இப்படி ஒரே ஒருவர் போதும். எனக்கு அப்படி வாய்த்த ஆசிரியை நான் போட்ட கணக்கைப் பார்த்து, "இந்த வழி புத்தகத்தில் இல்லையே, எங்கே கற்றாய்?" என்று கேட்டார். அதற்கு முன்னால் என்னிடம் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை.

பெற்றோரிடம் பேச வேண்டுமென்றால், "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று தொடங்காதீர்கள். அவர்கள் உடனே செலவுக்கணக்கை எடுத்துவிடுவார்கள். நீங்களும் அம்மாவும் மட்டும் போகும்படி ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள். மற்றது தானாக நடக்கும்.

அப்புறம், தூது போவதை நிறுத்துங்கள். நடுவில் இருப்பவளின் தலையில்தான் அது விழும். "அக்காகிட்ட நீயே சொல்லிடு", "தம்பி என்ன நினைக்கிறான்னு மெதுவா கேளு." இரண்டு பக்கமும் நல்லவளாக இருந்து இருந்து, அந்த விஷயத்தில் உங்கள் கருத்து என்ன என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். "நீயே பேசிக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் முகம் சுருங்கும், சமத்துப் பெண்ணுக்குத் திமிர் வந்துவிட்டது என்பார்கள். என் தம்பி இப்போதெல்லாம் பெரிய அக்காவுக்கு நேராகவே போன் செய்கிறான். பாதி நாள் சண்டையில்தான் முடிகிறது. அது அவர்கள் பாடு.