நடு எது, எவ்வளவு தள்ளலாம்? மட்டு அசமன்பாடு: கேள்வி-பதில்

கேள்வி: 6205 பேரிங்குக்கு (உள்விட்டம் 25 மி.மீ.) ஷாஃப்ட் கடைய வேண்டும். வரைபடத்தில் '25 கே6' என்று இருக்கிறது. |விட்டம் − 25| ≤ 0.015 என்று எழுதலாமா?

பதில்: கூடாது. | | என்ற மட்டுக் குறி, கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசத்தின் அளவை மட்டுமே பார்க்கும். அப்படி எழுதினால் 24.985 மி.மீ. ஷாஃப்டும் தேறிவிடும். பேரிங் அதில் லூஸாக உட்காரும்; உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே சுழன்று அதைத் தின்றுவிடும். இந்த விட்டத்துக்குக் கே6 என்றால் 25-க்கு மேல் 0.002 முதல் 0.015 வரை, அதாவது 25.002-லிருந்து 25.015 வரை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: நடு 25.0085. கழித்துப் பாதியாக்குங்கள்: 0.0065. எனவே

|விட்டம் − 25.0085| ≤ 0.0065

மட்டுக் குறிக்குள் வர வேண்டியது இந்த நடு அளவுதான். 25 என்பது பெயரளவு மட்டுமே.

இனி அளப்பது. அனுமதித்த பட்டையின் மொத்த அகலமே 0.013 மி.மீ. என்பதால் 0.01 காட்டும் மைக்ரோமீட்டர் உதவாது, 0.001 காட்டுவது வேண்டும். கடைந்த சூட்டோடும் அளக்காதீர்கள். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0115 மி.மீ. விரியும். மைக்ரோமீட்டரைவிட ஷாஃப்ட் 30 டிகிரி சூடாக இருந்தால் 25 மி.மீ. விட்டம் 0.0086 கூடிவிடும். 25.008 காட்டி நடுவில் நிற்பதுபோல் தெரிவது, ஆறியதும் 24.999 ஆகியிருக்கும்.

மட்டு இரு பக்கத் தவறையும் ஒன்றாகவே எண்ணும். பட்டறையில் அப்படியில்லை. 25.018 வந்தால் கிரைண்டிங்கில் எடுத்துவிடலாம், 24.998 வந்தால் பழைய இரும்புதான். அதனால் மேல் எல்லையைக் குறிவைத்து மெல்ல இறங்குங்கள்.

கேள்வி: தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குச் செல்சியஸில் |வெப்பநிலை − 5| ≤ 3. ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் |வெப்பநிலை − 41| ≤ 37.4 வருகிறது. எங்கே தவறு?

பதில்: 32-ஐ இரண்டு இடத்திலும் கூட்டிவிட்டீர்கள். 5 ஒரு வெப்பநிலை, 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டினால் 41, சரி. 3 வெப்பநிலை அல்ல, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளலாம் என்ற தூரம். தூரத்துக்குப் பெருக்கல் மட்டும்தான்: 5.4. சரியான விடை |வெப்பநிலை − 41| ≤ 5.4, அதாவது 35.6 முதல் 46.4 வரை. உங்கள் விடைப்படி 3.6 டிகிரி ஃபாரன்ஹீட்கூடச் சரியாகிவிடும். அது உறைநிலைக்கு வெகு கீழே. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தால் உருகிய பிறகும் போடக் கூடாது.

கேள்வி: ஏசி ஸ்டெபிலைசரில் 170–270 வோல்ட் என்றிருக்கிறது. அது எப்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் என்பதற்கு என் மகள் 270 < மின்னழுத்தம் < 170 என்று எழுதினாள். சரியா?

பதில்: 270-க்கு மேலும் 170-க்குக் கீழும் ஒரே நேரத்தில் இருக்கும் எண் கிடையாது. நடு 220, தூரம் 50. |மின்னழுத்தம் − 220| > 50 என்பதை இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும்: 170-க்குக் குறைவு அல்லது 270-க்கு அதிகம். அந்த 'அல்லது' விட்டுப்போனால் விடை போச்சு.

கேள்வி: 4,700 ஓம், 5 சதவீத மின்தடைகள் இரண்டைத் தொடரில் இணைத்தால் பிழை 10 சதவீதமா?

பதில்: இல்லை, சதவீதம் மாறாது, ஓம் கணக்கில்தான் இரட்டிக்கும். தங்க நிறப் பட்டை உள்ள ஒவ்வொன்றும் 4,700-லிருந்து 235 ஓம் வரை விலகலாம். கூட்டுத்தொகையின் மட்டு, மட்டுகளின் கூட்டுத்தொகையைத் தாண்டாது. ஆகவே |மொத்தம் − 9,400| ≤ 470. 9,400-ல் 470 என்பது அதே 5 சதவீதம்.

கழிக்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டிய சுற்றில் வித்தியாசம் பெயரளவில் 0. பிழைகளோ ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது, அங்கேயும் 470 ஓம் வரை போகும். அத்தகைய ஜோடிக்குப் பழுப்புப் பட்டை போட்ட 1 சதவீத மின்தடைகளை வாங்குங்கள். வித்தியாசம் 94 ஓமுக்குள் நிற்கும்.